தும்பை

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைச் சாசனங்களைப் பார்த்து, அந்நாளைய கிராம சபையின் நியமங்களை வியந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். சற்று அவகாசமுள்ளவர், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஏரிக்கரைப் பக்கம் நடந்தால், வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பெல்லாம், முழங்காலுக்கு மேல் வளராத தும்பை பூத்திருக்கக் காணலாம். மழையில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, வெயில் ஏறினால் காய்ந்து போகிற ஓராண்டுச் செடி. குடியானவருக்கு அது வெறும் களை.

குனிந்து பார்த்தால்தான் அதன் நேர்த்தி புலப்படும். துளசியின் குடும்பமாகையால் தண்டு நாற்சதுரம்; கணுதோறும் பச்சை உருண்டையாகத் திரண்ட புல்லிகளினின்று, மேலுதடு ரோமம் படர்ந்த சிறு முக்காடாகவும் கீழுதடு மடல் விரிந்தும் வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். இழுத்தால் சிரமமின்றிக் கையோடு வந்துவிடும். அடிக்குழலை உறிஞ்சினால் தித்திக்கும் என்பதை ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அறிவார்கள். தாவரநூலார் இட்ட லூகாஸ் ஆஸ்பெரா என்னும் பெயரின் முற்பகுதி கிரேக்கத்தில் வெண்மையையும், பிற்பகுதி லத்தீனில் சொரசொரப்பையும் குறிக்கும். நம்மவரோ வெண்மையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: வெளுத்த வேஷ்டியும் நன்றாய் வெந்த இட்டலியும் தும்பைப்பூவாக இருந்தாக வேண்டும்.

மண்ணுக்காகவன்றி, வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு இரு வேந்தர் எதிர்நின்று பொருவதைத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்கிறது. தொட்டாலே உதிரும் இந்தப் பூ, போர்க்களத்தில் வீரன் தலையில் எவ்வளவு நேரம் தங்கியதோ! இன்று அது சிவபூஜையோடு நின்றுவிட்டது.

வைத்தியத்தில் அதன் உபயோகம் நிற்கவில்லை. குழந்தைகளின் சளிக்குப் பூவைப் பாலிலிட்டுக் காய்ச்சிக் கொடுப்பதும், தலைபாரத்துக்கு இலையை நொச்சியோடு கொதிக்கவிட்டு ஆவி பிடிப்பதும், தேள் கொட்டிய இடத்தில் கசக்கித் தேய்ப்பதும் வழக்கம். பாம்புக்கடிக்கும் சாறு பிழிந்து கொடுப்பதுண்டு. அதை நம்பிக் காலத்தைப் போக்குவது பிராணாபத்தில் முடியும். அதற்குரிய மருந்து ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசியே. அந்த ஊசி மருந்து செய்ய வேண்டிய பாம்பு விஷத்தை, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள்.

கடலைக்குக் களை பறிக்கும் பெண்கள் தும்பையையும் கோரையோடு சேர்த்துப் பிடுங்கி வரப்பில் எறிகிறார்கள். வீட்டில் மூக்கொழுகும் பிள்ளை இருப்பவள் மட்டும் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொள்கிறாள்.