டயர் மேல எழுதியிருக்கிறத எப்பவாவது படிச்சிருக்கீங்களா?

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

அப்பா அம்மாவக் கூட்டிட்டு ஜவ்வாது மலைக்குப் போறேன்னு போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். போனோம். ஆனா கார்ல போகல. போளூர்ல கார விட்டுட்டு, பஸ்ல ஜமுனாமரத்தூர் போனோம். "ஏன் ப்ரோ, காருக்கு என்னாச்சு?"ன்னு பஸ் போட்டோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோட் அதுக்கான பதில்தான்.

கார் அப்பாவோடது. 2013-ல வாங்கினது. அவர் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் அது காட்பாடி வீட்டு வாசல்லயே நிக்குது. மொத்தமே 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. "டயர் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு பாரு"ன்னு வர்றவங்க கிட்டல்லாம் பெருமையா சொல்வாரு. பார்த்தா அப்படித்தான் இருக்கும், பட்டன் கொஞ்சம்கூட தேயல. நானும் மெக்கானிக்கல் படிச்சவன்தான், இப்போ ஓஎம்ஆர்ல கோட் எழுதிட்டு இருக்கேன். ஒரு லைப்ரரிய வெர்ஷன் நம்பர் பாக்காம இன்ஸ்டால் பண்ண மாட்டேன். அந்த டயர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் குனிஞ்சு பார்த்ததில்ல.

போளூர்ல ஒரு பஞ்சர் கடையில காத்து செக் பண்ண நிறுத்தினோம். கடைக்கார அண்ணன் கேஜ எடுக்கறதுக்கு முன்னாடி போன் டார்ச்ச அடிச்சு டயர் பக்கவாட்டப் பார்த்தாரு.

"தம்பி, மலைக்கா?"

"ஆமாண்ணா."

"இதோட வேணாம். பெரியவங்க வேற இருக்காங்க."

அப்பாவுக்குக் கோவம் வந்திருச்சு. கீழ இறங்கி, டயர் பள்ளத்துல விரல விட்டு, "பட்டன் அப்படியே இருக்கேப்பா"ன்னாரு. அண்ணன் நிதானமா சொன்னாரு: "பட்டன் நல்லாத்தான் இருக்கு சார். ரப்பர் செத்துப்போச்சு."

அப்புறம் காட்டினாரு. நாலு டயர்லயும் பக்கச்சுவர் முழுக்க ஏரி வத்தினா மண்ணு வெடிக்குமே, அந்த மாதிரி மெல்லிசா விரிசல். இடது பின் டயரோட உள்பக்கத்துல எலுமிச்சம்பழத்துல பாதி அளவுக்கு ஒரு புடைப்பு. ஸ்டெப்னியப் பார்த்தா, அதுவும் அதே வயசு. காத்து 12 பிஎஸ்ஐ.

டயருக்கு வயசு எப்படித் தெரியும்? பக்கச்சுவர்ல ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்களோடதுல 3213ன்னு இருந்துச்சு. அப்படின்னா 2013-ம் வருஷம் 32-வது வாரம், ஆகஸ்ட் மாசம். இந்த நம்பர் பெரும்பாலும் டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்கும். வெளிப்பக்கம் காணோம்னா உள்பக்கம் திரும்பியிருக்குன்னு அர்த்தம். எங்க கார்ல ரெண்டு டயருக்கு அடியில படுத்துதான் படிக்க முடிஞ்சது. மூணே இலக்கம் இருந்தா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர். அத மியூசியத்துக்குக் குடுத்துருங்க.

"ஓடவே இல்லையே, அப்புறம் எப்படிக் கெடும்?" இதுதான் அப்பாவோட கேள்வி. நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் தலைகீழா இருக்கும். ரப்பர காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, வெடிக்க வைக்கும். அதத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே உள்ள ஒரு மெழுகும் சில ரசாயனமும் கலக்கறாங்க. சக்கரம் ஓடி, டயர் வளைஞ்சு நெளியும்போது அந்த மெழுகு மேல கசிஞ்சு வந்து ஒரு படலமாப் படியும். வண்டி நின்னுட்டே இருந்தா அந்தப் படலம் சரியாப் புதுப்பிக்கப்படாது. அதோட வெயில். வேலூர வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க? அப்பா டயரத் தேயாமப் பாத்துக்கிட்டதே அது சாகறதுக்கு ஒரு காரணம் ஆயிடுச்சு. இத நான் அவர்கிட்ட இன்னும் முழுசா சொல்லல.

அப்போ எத்தனை வருஷம்? பெரிய டயர் கம்பெனிகள் சில பேர் சொல்ற கணக்கு இது: அஞ்சு வருஷம் ஆனதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை தெரிஞ்சவங்க கிட்டக் காட்டணும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துல மாத்திடணும். கார் கம்பெனிகள்ல சில பேர் ஆறு வருஷத்துலயே மாத்தச் சொல்றாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு நான் ஆறு பக்கம்தான் நிப்பேன்.

புடைப்பு வேற கதை. டயரோட பலம் ரப்பர்ல இல்ல, உள்ள ஓடற நூல்கள்ல இருக்கு. குழியிலயோ நடைபாதை விளிம்புலயோ பலமா இடிச்சா, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல பக்கச்சுவர் நசுங்கி உள்ள நூல் அறுந்துடும். வெளிய ஒரு கீறல்கூடத் தெரியாது. அறுந்த இடத்துல காத்த வெறும் ரப்பர் மட்டும் தாங்கும், அதுதான் அந்த வீக்கம். இதுக்கு ஒட்டு கிடையாது, பஞ்சர் கிட்டும் வேலைக்கு ஆகாது. மாத்தறது ஒண்ணுதான் வழி. வெடிச்சா பெரும்பாலும் டயர்ல அழுத்தம் அதிகமா விழற நேரத்துலதான், அதாவது திருப்பத்துல. மலைப் பாதையில திருப்பத்துக்கு என்ன பஞ்சம்?

இப்போ அந்த நீளமான நம்பருக்கு வருவோம். எங்க டயர்ல 165/80 ஆர்14 85டி. 165ங்கிறது மில்லிமீட்டர்ல டயரோட அகலம். 80ங்கிறது பக்கச்சுவர் உயரம், ஆனா மில்லிமீட்டர்ல இல்ல, அகலத்துல எத்தனை சதவீதம்னு. அப்போ 165-ல 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். ஆர்னா ரேடியல், உள்ள நூல் போற விதம். 14 ரிம்மோட விட்டம், இன்ச்சுல. ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், இன்ச்சு மூணும் கலந்து ஒரு ஃபார்மட். கோட் ரிவ்யூல யாராவது இப்படி அனுப்பியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. 132-ஐ ரெண்டால பெருக்கினா 264. 14 இன்ச் 355.6 மில்லிமீட்டர். கூட்டினா சக்கரத்தோட மொத்த உயரம் கிட்டத்தட்ட 620. அதே மாதிரி ஹேட்ச்பேக்ல மேல் மாடலுக்கு 185/65 ஆர்15 போடுவாங்க. அதுக்கும் கணக்கு போட்டா 621-க்கு மேல வருது. அகலம், ரிம் எல்லாம் மாறினாலும் மொத்த உயரம் மாறல, அதனாலதான் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அலாய் போடறேன்னு டயர் சைஸ் மாத்தப் போறவங்க முதல்ல இந்தக் கணக்கப் போடுங்க. அடுத்தது அதுக்குப் பக்கத்துல இருக்கிற எண்.

எங்களோடதுல அது 85. அது எடைக்கான குறியீடு. 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 82ன்னா 475 கிலோ, 88ன்னா 560. விலை கம்மின்னு குறைஞ்ச எண் உள்ள டயரப் போட்டா, அஞ்சு பேரும் லக்கேஜும் ஏறும்போது வித்தியாசம் தெரியும். இந்த 515 கிலோ காத்து சரியா இருந்தாத்தான். காத்து குறைஞ்சா தாங்கற எடையும் குறையும். எடைய உண்மையில தூக்கறது காத்துதான், ரப்பர் வெறும் பை. கடைசி எழுத்து வேகம்: எஸ்னா 180, டின்னா 190, எச்னா 210 கிலோமீட்டர் வரைக்கும். அப்பா கார் 190-ல போறத நெனச்சா எனக்கே சிரிப்பு வருது.

எடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இதே ஜவ்வாது மலையோட திருப்பத்தூர் பக்கம், 2022 ஏப்ரல்ல செம்பரைக் கோயிலுக்குப் போன ஒரு பிக்கப் வேன் பள்ளத்துல கவுந்து 11 பேர் இறந்தாங்க. அது டயரால நடந்ததுன்னு நான் சொல்ல வரல. சரக்கு வண்டியில ஆளுங்க நெருக்கி நின்னு போன பயணம் அது. மலையில எடை எப்படி நடந்துக்கும்னு யோசிக்கும்போதெல்லாம் அந்தச் செய்திதான் கண்ணு முன்னாடி வருது. சமதளத்துல நாலு சக்கரத்துக்கும் ஓரளவு பகிர்ந்து போற எடை, இறக்கத்துல பிரேக் பிடிச்சா முன்பக்கம் சாயும். கொண்டை ஊசி வளைவுல வெளிப்பக்கம் சாயும். ரெண்டும் சேர்ந்தா வெளிப்பக்க முன் டயர் ஒண்ணு மேலயே பெரும்பங்கு வந்து உக்காரும். அந்த டயர் தரையத் தொடற இடம் நம்ம உள்ளங்கை அளவுதான்.

காத்து விஷயத்துல நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. டயர் மேல அதிகபட்சம் 51 பிஎஸ்ஐன்னு போட்டிருந்தா அது டயர் தாங்கற உச்ச அளவு. உங்க காருக்கு வேண்டிய அளவு டிரைவர் கதவத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். எங்களோடதுல 33. அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அளக்கணும். வேலூர்லேர்ந்து அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து அளந்தா மூணு நாலு கூடவே காட்டும். "ஜாஸ்தி இருக்கே"ன்னு இறக்கிவிட்டுடாதீங்க, ஆறினதும் குறைஞ்சுதான் போயிருக்கும். காத்து கம்மியான டயர்தான் ஆபத்து. பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா மடங்கும், மடங்க மடங்க சூடு ஏறும், ஹைவேல வெடிக்கிறது பெரும்பாலும் அப்படித்தான்.

மலை ஏறினா காத்து மாறுமான்னு எனக்கே ஒரு சந்தேகம், பஸ்ல உக்காந்து கணக்கு போட்டேன். மலையில காவலூர் வானாய்வகம் இருக்கிற இடம் கிட்டத்தட்ட 725 மீட்டர் உயரம். மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையறதால கேஜ் ஒரு பிஎஸ்ஐ கூடக் காட்டும். ஆனா குளிர்ச்சியால அரை பிஎஸ்ஐக்கு மேல குறையும். கழிச்சா ஒண்ணுமே இல்ல. ஜவ்வாது மலைக்காக காத்து மாத்த வேண்டாம். லடாக் போறவங்க வேற எபிசோட் கேளுங்க.

பட்டன் தேய்மானம் பத்தி சீக்கிரமா சொல்லிடறேன், ஏன்னா இது ஒண்ணுதான் எல்லாருக்கும் தெரியும். டயர் பள்ளத்துக்குள்ள குறுக்க சின்ன சின்ன மேடு இருக்கும். அது எங்க இருக்குன்னு காட்ட பக்கச்சுவர்ல ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.ங்கிற எழுத்தோ இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படி கார் டயருக்கு அதுதான் குறைந்தபட்சம். மழையில அதுக்கு ரொம்ப முன்னாடியே பிடிப்பு போயிடும். பள்ளம் தண்ணிய வெளிய தள்ளத்தானே இருக்கு, பள்ளமே இல்லன்னா எங்க தள்ளும்? நான் 3 மில்லிமீட்டர்ல மாத்திடுவேன்.

சரி, போளூருக்குத் திரும்ப வருவோம். எங்க சைஸ் டயர் அந்த ஊர்லயே ஒரு கடையில இருந்துச்சு, ஆனா நாலும் வந்து சேர சாயங்காலம் ஆகும்னாங்க. அம்மாதான் "அதுக்கென்ன, பஸ் இருக்குல்ல"ன்னு சொன்னாங்க. போனோம். அப்பா போற வழி பூரா பேசல. ஒரு வளைவுல பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பினப்போ, கண்ணாடி வழியா கீழ பள்ளத்தப் பார்த்துட்டு "அந்தப் பையன் சொன்னது சரிதான்டா"ன்னாரு. அவ்வளவுதான். ஜமுனாமரத்தூர் சந்தையில ரெண்டு கிலோ சாமை வாங்கினதும் பழைய ஆளா ஆயிட்டாரு.

சாயங்காலம் கடையில நாலு புது டயர். பில் போடறதுக்கு முன்னாடி நானே குனிஞ்சு நம்பர் பார்த்தேன். மூணு டயர் சில மாசத்துக்கு முன்னாடி செஞ்சது. நாலாவது ரெண்டரை வருஷம் பழசு. கேட்டதும் ஒண்ணும் பேசாம மாத்திக் குடுத்தாங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்க, கார் டயருக்கு ஐஎஸ் 15633ன்னு இருக்கும். அம்புக்குறி போட்டிருந்தா அது சுத்தற திசை. வெளிப்பக்கம்னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வெளியதான் இருக்கணும். அவசரத்துல தப்பா மாட்டிடறதும் உண்டு.

பட்ஜெட் பத்தாம ரெண்டு டயர் மட்டும் மாத்தறவங்களுக்கு ஒரு விஷயம். புதுசு எங்க போடணும்? முன்னாடின்னுதான் நானும் நெனச்சேன், இன்ஜின், ஸ்டியரிங் எல்லாம் அங்கதானே. ஆனா டயர் கம்பெனிகள் பின்னாடி போடச் சொல்றாங்க. முன் டயர் வழுக்கினா கார் நேரா போகப் பார்க்கும், ஆக்சிலேட்டர விட்டா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். பின் டயர் வழுக்கினா வண்டி பம்பரமா சுத்தும், நம்மள மாதிரி ஆளுங்களால அத நிறுத்த முடியாது.

ஸ்டெப்னிய அடுத்த வாரம் வேலூர்ல மாத்தினேன். 2020-ல வந்த விதிப்படி, ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் காத்து அழுத்தம் காட்டற சென்சாரும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்ல. உங்க புதுக் கார்ல டிக்கியத் திறந்து இருக்கா இல்லையான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. மெல்லிசா சின்ன சைஸ்ல இருந்தா அது தற்காலிக டயர், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது.

போன ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணாரு. எதிர் வீட்டு சார் கார்ல 0915ன்னு இருக்காம், போய் சொல்லட்டுமான்னு கேட்டாரு. சொல்லுங்கப்பான்னேன். "நேத்தே சொல்லிட்டேன்"ன்னாரு.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே.