துண்டு விளம்பரம் இன்றி வணிக வானொலி வாழுமா?

வானொலிப் பெட்டியைத் திருப்பினால் பாட்டு வருகிறது. பாட்டு முடிந்ததும் சவர்க்காரம் வருகிறது. அதைத் தொடர்ந்து காப்பித்தூள் வருகிறது. பிறகுதான் அடுத்த பாட்டு. பதினைந்து வினாடி, முப்பது வினாடி என்று இடையிடையே வந்து விழும் இத்துண்டு விளம்பரங்கள் இல்லாமல் வணிக வானொலி நடக்கவே முடியாதா என்று நேயர் பலர் சலித்துக்கொள்வதுண்டு. இவ்வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். வணிக வானொலி பிறந்தபோது துண்டு விளம்பரம் அதனுடன் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் 1922-ஆம் ஆண்டு வானொலிப் பெட்டி செய்வோர் ஒன்றுகூடி ஒரு கம்பெனி அமைத்தனர். பெட்டி விற்கவேண்டுமானால் அதில் கேட்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே ஒலிபரப்பை அவர்களே நடத்தினர். நேயர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்தினர். அதில் ஒரு பங்கும், விற்ற பெட்டிகளின்மீது ஒரு தொகையும் கம்பெனிக்குச் சேர்ந்தன. ஆனால் மக்கள் உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பெட்டி செய்துகொள்ளத் தொடங்கியதும் அந்த இரண்டாவது வருவாய் தளர்ந்தது. 1927-இல் அக்கம்பெனி பொது நிறுவனமாக மாறியது. அதுவே இன்றைய பி.பி.சி.

அமெரிக்காவில் வேறு வழி. 1922 ஆகஸ்டு 28-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்த டபிள்யூ.இ.ஏ.எஃப். என்னும் நிலையம், வீடு விற்கும் ஒரு கம்பெனிக்குப் பத்து நிமிட நேரத்தை விலைக்குத் தந்தது. அந்நிலையம் தொலைபேசிக் கம்பெனிக்குச் சொந்தம். காசு போட்டுத் தொலைபேசியிற் பேசுவதுபோல், காசு கொடுப்பவர் வானொலியிலும் பேசலாம் என்பதே அவர்கள் கருத்து. இதிலிருந்து, ஒரு வணிகர் முழு நிகழ்ச்சியையும் ஏற்று வழங்கும் முறை வளர்ந்தது. சவர்க்காரக் கம்பெனிகள் பகல் நேரத் தொடர்நாடகங்களை வழங்கியதால், அவற்றுக்குச் ‘சவர்க்கார நாடகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நமக்கு அண்மையில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கிற்று. அதில் 1952 முதல் ஒலித்த இந்திப் பாடல் நிகழ்ச்சியொன்று, அதனை வழங்கிய பற்பசையின் பெயரையே தாங்கி ‘பினாக்கா கீத்மாலா’ ஆயிற்று. இந்தியா முழுவதும் அதற்கு நேயர் இருந்தனர். துண்டு விளம்பரமே வானொலியின் உயிர் அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆனால் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. அமெரிக்காவில் பல நிகழ்ச்சிகளை விளம்பர முகவர்களே எழுதினர். நடிகரையும் அவர்களே தேர்ந்தனர். நிலையம் நேரத்தை வாடகைக்கு விடும் வீட்டுக்காரராக மட்டும் இருந்தது. 1950-களில் தொலைக்காட்சி பரவியதும், பெரிய வணிகர்கள் வானொலியை விட்டு அகன்றனர். அப்பொழுதுதான் நிலையங்கள் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் விற்கும் முறையைப் பெரிதும் நம்பின. ஊர்த் துணிக்கடைக்காரரும் விளம்பரம் தர முடிந்தது. ஒருவர் விலகினாலும் நிலையம் விழாது. ஒருவர் சொல்லே சட்டமும் ஆகாது. நாம் சலித்துக்கொள்ளும் துண்டு விளம்பரம் நிலையத்துக்கு ஓரளவு சுதந்திரம் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி, நேயரே பணம் கொடுக்கும் வழியைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய ரெடிபியூஷன், கம்பி வழியே வீட்டுக்கு வீடு ஒலியைக் கொண்டு சென்றது. அது விளம்பரமும் ஏற்றது. ஆயினும் மாதச் சந்தாவே அதன் அடிப்படை. கட்டணமின்றிக் கேட்கக்கூடிய நிலையங்களும் தொலைக்காட்சியும் பெருகப் பெருக, சந்தாதாரர் குறைந்தனர். 2012 ஏப்ரலில் அச்சேவை நின்றது.

துணைக்கோள் வானொலியின் கதை இன்னும் தெளிவானது. வேர்ல்டுஸ்பேஸ் என்னும் கம்பெனி இந்தியாவில் சந்தாவுக்கு வானொலி வழங்கியது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. தனிப் பெட்டி வாங்க வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும் என்னும் நிலையில் போதிய நேயர் சேரவில்லை. 2008-இல் கம்பெனி நொடித்தது. 2009 இறுதியோடு இந்தியச் சேவை முடிந்தது. அமெரிக்காவில் சிரியஸ் எக்ஸ்.எம். இன்றும் நடக்கிறது. அதன் இசை அலைவரிசைகளில் பெரும்பாலும் விளம்பரமில்லை. புதிய கார்களிலேயே பெட்டியைப் பொருத்திவிட்டதும், அங்கே சந்தா கட்ட வசதியுள்ளோர் மிகுந்திருப்பதும் அதன் வெற்றிக்குக் காரணங்கள்.

ஆகவே விடை இதுவே: துண்டு விளம்பரமின்றி வணிக வானொலி வாழ முடியும். ஆனால் பணம் கொடுப்பவர் எவரோ, அவருக்கே அது செவி சாய்க்கும். பெட்டி செய்வோர் கொடுத்தால் அவருக்கு. பற்பசை வணிகர் கொடுத்தால் அவருக்கு. நேயர் கொடுத்தால் நேயருக்கு.

இதனைத் தமிழரின் நிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர நாடகத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் ஆக்கச் செலவு ஒன்றே. ஒரு தமிழ் நிலையத்திற்கு மாதம் 100,000 வெள்ளி வேண்டும் என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். ஆளுக்கு 5 வெள்ளி கொடுத்தால் 20,000 சந்தாதாரர் தேவை. பெரிய மொழியினர்க்கு இது சிறு தொகை. சிறுபான்மையினராகிய நமக்கு அவ்வாறன்று. எனவேதான் இங்குத் தமிழ் ஒலிபரப்பு அரசின் ஆதரவையோ விளம்பரத்தையோ நாடி நிற்கிறது.

விளம்பரம் தரும் வணிகர் எண்ணிக்கையைப் பார்ப்பார். அதிகம் பேர் கேட்கும் திரைப்பாட்டுக்கே முதலிடம் கிடைக்கும். இலக்கிய உரைக்கும் மாணவர் நிகழ்ச்சிக்கும் இடம் சுருங்கும். அதற்காக நிலையத்தாரை மட்டும் நோவதில் பயனில்லை. விளம்பரம் வேண்டாம் என்று சொல்வது எளிது. “அப்படியானால் செலவில் என் பங்கு இதோ” என்று சொல்லத் துணிவோர் நம்மில் எத்தனை பேர்? அவ்வினாவுக்கு நாம் தரும் விடையே நம் வானொலியின் எதிர்காலத்தை முடிவு செய்யும்.