நீரிழிவும் விழித்திரையும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998இல் மோட்டார் கார்களைச் செய்யத் தொடங்கினர். ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பெற்றது. அவற்றைச் சுற்றி உறுப்புகள் செய்து கொடுக்கும் பட்டறைகள் பல எழுந்தன. இத்தகைய பட்டறைகளில் எஃகுத் தகட்டை வெட்ட வாளும் வேண்டாம், உளியும் வேண்டாம். லேசர் என்னும் ஒளிக்கற்றையே வெட்டிவிடும். பாலிடெக்னிக்கில் பயில்வோர் இக்காட்சியைக் கண்டிருக்கலாம்.

எஃகை வெட்டும் ஒளியை உம்முடைய கண்ணுக்குள் செலுத்தப் போகிறோம் என்று ஒருவரிடம் சொன்னால் அவர் நடுங்காமல் என்ன செய்வார்? நீரிழிவு நோயாளர் பலர் இந்நடுக்கத்தினாலேயே சிகிச்சைக்குச் செல்லாமல் நின்றுவிடுகின்றனர். சென்ற ஆண்டு நானும் அந்த நாற்காலியில் அமர்ந்தவன். ஆதலின் அங்கு நிகழ்வது யாது, அது ஏன் நிகழ்கிறது என்பதை இயன்றவரை விளக்க முற்படுகிறேன்.

முதலில் அச்சத்தின் ஒரு பகுதியை நீக்கிவிடலாம். தகட்டை வெட்டும் லேசர் பல ஆயிரம் வாட் ஆற்றலுடையது. பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். கண் மருத்துவர் கையாளுவதோ ஒரு வாட்டின் சிறு பின்னம்; நிறம் பச்சை. அடுப்பிலும் நெருப்பு உண்டு, அகல் விளக்கிலும் நெருப்பு உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் யார்? மூக்குக் கண்ணாடியை ஒழிப்பதற்காகக் கருவிழியில் செய்யப்படும் லேசர் சிகிச்சை ஒன்று உண்டு. அதுவும் இதுவும் வேறு. இங்கே சிகிச்சை நடைபெறுவது கண்ணின் பின்சுவரில்.

அப்பின்சுவரை மூடியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் சுமார் 12 கோடிக் கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் அடங்கியுள்ளன. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி என்னும் சிறு பகுதியின் வேலை. சுற்றியுள்ள பரந்த பகுதி இருளில் பார்க்கவும் பக்கவாட்டில் வருவதை உணரவும் உதவுகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலில் மிகுதியான பிராணவாயுவைச் செலவிடும் உறுப்புகளுள் விழித்திரையும் ஒன்று. வியப்பு என்னவெனில், கோல் செல்கள் வெளிச்சத்தில் உழைக்கும்போது செலவிடுவதைக் காட்டிலும் இருளில் அதிகம் செலவிடுகின்றன. நாம் உறங்குகையிலும் அவை வேலையில்தான் இருக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்து நிற்குமாயின், விழித்திரையின் மயிரிழைக் குழாய்கள் முதலில் கெடும். அவற்றின் சுவரைத் தாங்கி நிற்கும் செல்கள் மடிகின்றன. சுவர் ஆங்காங்கே குமிழிபோல் புடைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு மஞ்சள் புள்ளியில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தோன்றும். வேறு சில குழாய்கள் அடைபட்டே போகின்றன. அவற்றை நம்பியிருந்த பகுதி பிராணவாயுவின்றித் தவிக்கிறது. இத்தனையும் நடக்கும்போது வலி என்பது இல்லை. மஞ்சள் புள்ளி தப்பியிருக்கும் வரையில் பார்வைக் குறைவும் இல்லை. இந்நோயின் வஞ்சகம் இதுவே.

இனி நிகழ்வதைச் சொல்ல நம் நாட்டுப்புறத்து வழக்கம் ஒன்று துணை செய்யும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் கடைமடை வயல்கள் காய்கின்றன. பயிர் கருகுவதைக் காணப் பொறாத கடைமடைக்காரன் இரவோடு இரவாகக் கண்ட இடத்தில் வாய்க்கால் வெட்டுகிறான். உறுதியற்ற அந்த வாய்க்கால் கரையை உடைத்து நீரை வீணாக்குகிறது. தலைமடைப் பயிரும் போகிறது. விழித்திரையிலும் இதுவே நடைபெறுகிறது. பிராணவாயு பெறாத பகுதி, புதிய குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரந்து கூக்குரலிடுகிறது. முளைக்கும் குழாய்கள் நோஞ்சானானவை. விழியின் உள்ளே நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற கூழின்மீது அவை படர்ந்து, ஒருநாள் தாமே வெடிக்கின்றன. கண்முன் ஒட்டடையோ கரும்புகையோ மிதப்பதாக நோயாளி சொல்வது அப்போதுதான். பின்னர் அவ்விடத்தில் வடுத்திசு உண்டாகிச் சுருங்கி, விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடுவதும் உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் பஞ்ச காலத்தில் என்ன செய்வார்கள்? இவ்வாண்டு இன்ன மடைக்கு அப்பால் நடவு இல்லை என்று கூடித் தீர்மானிப்பார்கள். கடைமடை தரிசாகும், இருக்கும் நீர் தலைமடைக்குப் போதும். லேசர் சிகிச்சை இந்தத் தீர்மானமே. விழித்திரையின் ஓரப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய இடங்களைச் சுட்டு ஓயச் செய்துவிட்டால், பிராணவாயுவின் தேவை குறைகிறது, கூக்குரல் அடங்குகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன. நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி பிழைக்கிறது. ஆகவே இது பார்வையைப் பெருக்கும் சிகிச்சை அன்று. பார்வையின் ஒரு பங்கைக் கொடுத்து மறு பங்கைக் காப்பது. மருத்துவர்கள் இதனைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாத இடத்தில், கண் தெளியும் என்று எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்து, அடுத்த தவணைக்கு வராமலே போய்விடுகிறார்.

ஒளியால் விழித்திரையைச் சுடலாம் என்ற எண்ணம் பிறந்த வரலாறு சுவையானது. ஜெர்மனியில் 1945 ஜூலை 9ஆம் நாள் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. தக்க காப்பின்றி அதனைப் பார்த்த ஒரு மருத்துவ மாணவரின் மஞ்சள் புள்ளி சுடப்பட்டு வடுவாகியிருந்ததை மேயர்–ஷ்விக்கராத் என்ற இளம் கண் மருத்துவர் கண்டார். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவரோ, தீங்கு செய்யும் இவ்வொளியை வேண்டிய இடத்தில் மட்டும் வீழ்த்தினால் மருந்தாகுமே என்று சிந்தித்தார். ஹாம்பர்க் நகர மருத்துவமனையின் மாடியில் ஆடி ஒன்றை நிறுத்தி, சூரியனின் ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். மேகம் மறைத்தால் சிகிச்சையும் நிற்கும். பின்னர் 1950களில் செனான் விளக்கு வந்தது.

அமெரிக்காவில் தியோடர் மெய்மன் 1960இல் முதல் லேசரை, மாணிக்கப் படிகத்தைக் கொண்டு, இயக்கிக் காட்டினார். அதன் செந்நிற ஒளியை இரத்தம் அதிகம் ஏற்பதில்லை. ஆதலால் இந்நோய்க்கு அது பெரிதும் பயன்படவில்லை. 1964இல் பிரிட்ஜஸ் என்பார் ஆர்கான் லேசரைக் கண்டார். அதன் நீலப்பச்சை ஒளியை இரத்தம் நன்கு ஏற்கும். லெஸ்பரன்ஸ் என்ற மருத்துவர் 1968இல் அதனை நீரிழிவாளர் கண்ணில் பயன்படுத்தினார். பச்சை ஒளியின் சிறப்பைக் கவனியுங்கள். கருவிழிப் படலம், வில்லை, கூழ் ஆகிய மூன்றும் அதற்கு வழிவிடுகின்றன. விழித்திரையின் அடியிலுள்ள கருநிறப் பொருள் அதனை விழுங்கிச் சூடாகிறது. கத்தியின்றி, கண்ணைத் திறவாமல், பின்சுவரில் மட்டும் வேலை நடக்கிறது.

நம்பிக்கை மட்டும் போதாது. சோதனை வேண்டும் அன்றோ? அமெரிக்காவில் 1970களில் 1,700க்கு மேற்பட்டோரிடம் பெரியதோர் ஆய்வு செய்தனர். ஒவ்வொருவரின் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை. மறு கண் அப்படியே விடப்பட்டது. 1976இல் முடிவு வெளியாயிற்று. சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வை இழப்புப் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உடனே விதியை மாற்றி, விடப்பட்ட கண்களுக்கும் தேவையான இடத்தில் சிகிச்சை அளித்தனர். அறிவியல் நெறியும் மனித நெறியும் ஒருங்கே நின்ற இடமாக இதனை நான் கருதுகிறேன்.

இனி நாற்காலிக்கு வருவோம். கண்மணி விரிவதற்காகச் சொட்டு மருந்து விடுகிறார்கள்; அரை மணி காத்திருக்க வேண்டும். பின் மரத்துப்போகும் மருந்து. மோவாயையும் நெற்றியையும் ஒரு சட்டத்தில் பொருத்தி அமர்கிறோம். இமை மூடாதபடி ஒரு வில்லையைக் கண்ணின்மேல் வைக்கிறார்கள். அப்புறம் பச்சை மின்னல்கள்! ஒவ்வொன்றும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. எனக்குப் பெரும்பாலானவை வலிக்கவில்லை. பக்கவாட்டில் நரம்பு ஓடும் இடங்களில் மட்டும் எறும்பு கடித்தாற்போல் சுரீர் என்றது. 'தலையை ஆட்டாதீர்கள் ஐயா, நான் சொல்லும் இடத்தையே பாருங்கள்' என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவரை அசையாதிருக்கச் சொல்லியே காலம் கழித்த எனக்கு அது கடினமாகவே இருந்தது. எழுந்தபோது சில நிமிடங்கள் எல்லாம் இருண்டு கிடந்தன, பிறகு தெளிந்தது. இரு கண்களுக்குமாக நான்கு முறை சென்றேன். செய்தித்தாளை முன்போலவே படிக்கிறேன். அந்தி மங்கிய பின் சாலையைக் கடக்க மட்டும் முன்னிலும் அதிக நேரம் நிற்கிறேன். லாரிகளின் விளக்கொளி கூசுகிறது. நான் கொடுத்த விலை அது.

அந்த விலை எல்லோருக்கும் ஒன்றன்று. என் பழைய மாணவர் ஒருவர், வயது 38, இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவர். வாரம் மாறி வாரம் இரவு ஷிப்ட். மருத்துவ முகாமில் எடுத்த விழித்திரைப் படத்தைக் கண்டு உடனே லேசர் வேண்டும் என்றார்கள். என்னிடம் வந்தார். 'ஐயா, கடைசி வரி எழுத்துவரை படிக்கிறேன். நன்றாயிருக்கும் கண்ணை எதற்குச் சுட்டுக்கொள்ள வேண்டும்? பக்கப் பார்வை குறையும் என்கிறார்கள். பின் வண்டியை எப்படி ஓட்டுவேன்?' என்றார். நியாயமான கேள்வி. புதுக் குழாய்களைத் தூண்டும் புரதத்தை அடக்கும் ஊசி மருந்து இக்காலத்தில் உண்டு. மஞ்சள் புள்ளி வீக்கத்துக்கு இன்று அதுவே முதன்மையானது. புதுக் குழாய் நோய்க்கும் அது லேசருக்கு இணையாகப் பயன்படுவதை 2015இல் ஓர் ஆய்வு காட்டிற்று. பக்கப் பார்வையும் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆனால் ஊசியைத் தவணை தவறாமல், தொடக்கத்தில் மாதந்தோறும், போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் வராமல் நின்றவர்களுள் ஊசி மட்டும் பெற்றவரின் கண், லேசர் பெற்றவரின் கண்ணைவிட மோசமானதை 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டுகிறது. மாதம் ஒருநாள் விடுப்புக்கு மேஸ்திரியிடம் கைகட்டி நிற்பவருக்கு எது உறுதியானது? லேசரே என்று எனக்குத் தோன்றிற்று. ஆயினும் தம் தொழில் இன்னது என்பதை மருத்துவரிடம் விளங்கச் சொல்லிப் பின் முடிவு செய்யுமாறு கூறினேன். அவர் செய்துகொண்டார். இப்போது வண்டி ஓட்டுவதில்லை. சரக்கறையில் கணக்குப் பார்க்கிறார். இரவுப் படி போனதால் வருமானம் சற்றுக் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல். சென்னை நகரில் செய்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நீரிழிவாளரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பழுதுற்றிருந்தது. சர்க்கரையை அடக்கினால் இக்கேடு பெருமளவு தடைபடும் என்பதை 1993இல் முடிந்த அமெரிக்க ஆய்வு நிலைநாட்டியது. இரத்த அழுத்தத்தையும் சேர்த்து அடக்க வேண்டும். சிகிச்சைக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1819இல் சென்னையில் தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் இயங்கும் அரசினர் கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழையனவற்றுள் ஒன்று. 1978இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் சென்னையிலேயே உள்ளது.

உங்கள் வீட்டில் தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவு இருப்பின் ஒரு கேள்வி கேளுங்கள்: கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா, அல்லது விழித்திரையைப் படமெடுத்தார்களா? கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டியது இச்சோதனை ஆகாது. நடுவயதில் வரும் நீரிழிவானால் நோய் அறியப்பட்ட உடனேயும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்த்தல் வேண்டும். இளமையில் வரும் வகையானால் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். நீரிழிவுடைய பெண் கருவுற்றால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். மருந்து விட்ட பின் நான்கைந்து மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும். ஆகவே அன்று அவர்களுடன் நீங்கள் செல்லுங்கள். இருசக்கர வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பேருந்தில் அழைத்து வாருங்கள்.