தோற்றவனுக்குத்தான் தண்டனை! ஐஸ் ஹாக்கி வீடியோ கேம் அதிசயங்கள், தெரியுமா?

உலகத்தில் முதன்முதலாக வீட்டு வீடியோ கேம் கன்சோல் விற்பனைக்கு வந்தபோதே அதற்குள் ஹாக்கி இருந்தது, தெரியுமா? வருடம் 1972. பெயர் மேக்னவாக்ஸ் ஒடிஸி. சில வெளிச்சப் புள்ளிகளையும் ஒரு கோட்டையும் தவிர அந்தப் பெட்டிக்குத் திரையில் எதையும் காட்டத் தெரியாது. அப்படியானால் பனித்தளம்? பெட்டியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தாள் கொடுத்தார்கள்! ஹாக்கித் தளம் அச்சடித்த அந்தத் தாளை டிவி கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டால், அதற்குப் பின்னால் புள்ளிகள் ஓடும். சத்தம் கிடையாது. கோல் கணக்குகூட வராது. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

1981இல் ஆலன் மில்லர் என்பவர் அடாரி 2600 கன்சோலுக்காக ஒரு ஐஸ் ஹாக்கி எழுதினார். ஆக்டிவிஷன் வெளியிட்டது. நிஜ ஆட்டத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். இதிலோ இரண்டே பேர்: ஒருவன் அடிக்க, ஒருவன் தடுக்க. அதற்கே அன்றைய பிள்ளைகள் டிவியை விட்டு நகரவில்லை.

நிஜ ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்ற கூத்தெல்லாம் ருசிக்கும். இது நம் தயான்சந்த் ஆடிய புல்தரை ஹாக்கி இல்லை. 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பனிக்கட்டித் தளம். காலில் ஸ்கேட். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன், எடை 170 கிராமுக்குள். அது துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைக்கிறார்கள், தெரியுமா? அந்த வட்டு மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். எதிரே ஆறடிக்கு நாலடி கோல்வாயில் ஒரு மனிதர் நிற்கிறார்! வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்திக்கொண்டால் இருவருக்கும் தலா ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டி. அடித்தவன், வாங்கியவன் என்ற பேதம் கிடையாது.

இந்த விதியை ஒரு வீடியோ கேம் எப்படி மாற்றியது தெரியுமா? கொனாமியின் 'பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல்'. 1987இல் ஆர்கேடில் வந்து, அடுத்த வருடம் நின்டெண்டோவுக்கு வந்தது. அதில் சண்டை மூண்டால், தோற்றவன் மட்டும் தண்டனைப் பெட்டிக்குப் போவான்! ஜெயித்தவன் ஜாலியாக ஆட்டத்தைத் தொடரலாம். நீதி நியாயம் பார்த்தால் அநியாயம். விளையாட்டாகப் பார்த்தால் இதைவிடக் கச்சிதமான விதி கிடையாது. இன்னொரு வேடிக்கை: நின்டெண்டோ பதிப்பின் இடைவேளையில் அதே கம்பெனியின் விண்வெளிச் சண்டை விளையாட்டான 'கிரேடியஸ்' குட்டியாகத் தலைகாட்டும். ஹாக்கிக்கு நடுவில் ராக்கெட்!

அதே 1988இல் நின்டெண்டோவே வெளியிட்ட 'ஐஸ் ஹாக்கி'யில் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் இல்லை. குண்டன், நடுத்தரம், ஒல்லி என்று மூன்றே ரகம். கோல்கீப்பர் போக நான்கு பேரை நீங்கள் கலந்து பொறுக்க வேண்டும். குண்டன் அடித்தால் பக் பறக்கும், ஆனால் ஆள் நகரமாட்டான். ஒல்லி பறப்பான், இடித்தால் விழுவான். எந்தப் பயிற்சியாளரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அணித்தேர்வுக் கணக்கு முழுவதையும் மூன்று உடம்புகளில் அடக்கிவிட்டார்கள். நிஜத்தின் சாயலே இல்லாத இந்தப் பொம்மைகளில் நிஜ ஹாக்கியின் மூளை இருந்தது என்பேன்.

அடுத்து வருகிறது பெரிய கதை. 1991இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு 'என்.எச்.எல். ஹாக்கி' கொண்டுவந்தது. லீக்கிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள், அதனால் அணிப் பெயர், சின்னம் எல்லாம் அசல். ஆட்டக்காரர் பெயர் மட்டும் இல்லை, வெறும் சட்டை எண்! ஏன்? பெயர்கள் ஆட்டக்காரர் சங்கத்தின் சொத்து. சரி என்று அடுத்த ஆட்டத்துக்குச் சங்கத்திடம் போனார்கள். 'என்.எச்.எல்.பி.ஏ. ஹாக்கி 93' வந்தது. இப்போது பெயர்கள் அசல். லீக்கின் அனுமதி இல்லாததால் அணிச் சின்னங்கள் போய்விட்டன, ஊர்ப் பெயர்தான் மிச்சம்! ஒரு வருடம் உடம்பு, மறு வருடம் உயிர். இரண்டு அனுமதியும் ஒன்றுசேர்ந்தது 'என்.எச்.எல். 94'இல்தான்.

ஆனால் இரண்டும் சேர்ந்தபோது ஒன்று பறிபோனது. 93இல் சண்டை இருந்தது. காயம்பட்டு விழுந்தவனின் தலையிலிருந்து பனியில் ரத்தம்கூடப் பரவும். லீக்குக்கு அது பிடிக்கவில்லை. 94இல் சண்டையும் இல்லை, ரத்தமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் நிஜப் பனித்தளத்தில் குத்துச்சண்டை வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது! நிஜத்தில் அனுமதித்ததைப் பொம்மையில் தடுத்தார்கள். இந்த ஏக்கம் சினிமா வரைக்கும் போனது, தெரியுமா? 1996இல் வந்த 'ஸ்விங்கர்ஸ்' படத்தில் நண்பர்கள் சோபாவில் உட்கார்ந்து சேகா ஹாக்கி ஆடுகிறார்கள். சண்டையை எடுத்துவிட்டார்களே என்று புலம்புகிறார்கள், பிறகு மாபெரும் ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் தலையில் ரத்தம் வரவழைக்கத் துடிக்கிறார்கள். ஹாக்கி ரசிகர்களிடம் அந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

சண்டை போன இடத்தில் என்ன வந்தது? 'ஒன் டைமர்'! வருகிற பாஸை நிறுத்தாமல் வந்த வேகத்திலேயே கோலுக்கு அடிப்பது. ஜெனிசிஸ் கன்ட்ரோலரில் பி பட்டனை அழுத்தினால் பாஸ் புறப்படும். பக் அடுத்தவனைச் சேருவதற்குள், அது பாதி வழியில் இருக்கும்போதே, சி பட்டனைத் தட்ட வேண்டும். அவன் மட்டையைத் தூக்கிக் காத்திருந்து விளாசுவான். கோல்கீப்பர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பக் அந்தப் பக்க வலையில். இன்னொரு வித்தை: கோல் முகப்புக்குக் குறுக்கே வழுக்கிக்கொண்டே போங்கள். கோல்கீப்பரும் கூடவே நகர்வார். நகர்ந்து முடிப்பதற்குள் அவர் விட்டுவந்த மூலையைப் பார்த்து அடியுங்கள். பத்துக்கு எட்டு கோல்தான்! நிஜக் கோல்கீப்பர் யாரும் இவ்வளவு சுலபமாக ஏமாறமாட்டார். ஆனால் இந்த ஏமாளித்தனம்தான் அந்த ஆட்டத்துக்கு உயிர்.

94இல் ஒவ்வொரு அணிக்கும் ஆர்கன் இசைகூடத் தனித்தனி, தெரியுமா? அரங்குகளில் ஆர்கன் வாசிக்கும் டீட்டர் ரூலி என்ற கலைஞரைக் கூப்பிட்டு, அந்தந்த அரங்கில் எந்த மெட்டு ஒலிக்குமோ அதையே வாசிக்க வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் திறன்கூட ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நேற்று நெருப்பாக ஆடியவன் இன்று மந்தமாக இருப்பான். சிகாகோ அணியின் ஜெரமி ரோனிக் மட்டும் என்றைக்குமே பயங்கரம். நண்பர்களுக்குள் சிகாகோவை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்ட வீடுகள் ஏராளம்.

இதில் ஒளிந்திருந்த பெரிய பிசகைக் கேளுங்கள். ஆட்டக்காரர்களின் எடையையெல்லாம் கவனமாகப் பதிந்து வைத்தார்கள். கனமானவன் இடித்தால் இலேசானவன் விழ வேண்டும், இல்லையா? ஜெனிசிஸ் பதிப்பில் தலைகீழாக நடந்தது! பொடியன் இடித்தால் பூதாகரமானவன் சாய்ந்தான். இன்றும் இந்த ஆட்டத்துக்குப் போட்டி நடத்துகிறவர்கள், அணி பொறுக்கும்போது ஒல்லியானவர்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். இயற்பியலே கவிழ்ந்து கிடக்கும் ஓர் ஆட்டத்தைத்தான் பலர் இதுவரை வந்ததிலேயே சிறந்த ஹாக்கி விளையாட்டு என்கிறார்கள்.

விளையாட்டு நிஜத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது நிஜம் விளையாட்டைத் துரத்திய கதையும் உண்டு! 1996 ஜனவரி, பாஸ்டன் நகரம், லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆட்டம். டிவியில் பக் கண்ணுக்கே தெரியவில்லை என்ற புகாருக்கு ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒரு வைத்தியம் செய்தது. பக்கை இரண்டாகப் பிளந்து உள்ளே பேட்டரியும் மின்சுற்றும் வைத்து ஒட்டினார்கள். திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம்! வேகம் மணிக்கு 112 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னால் சிவப்பு வால்! பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், இதென்ன வீடியோ கேமா என்று. 1998க்குப் பிறகு அந்த வாலைக் காணோம்.

அதே 1996இல் நின்டெண்டோ 64க்கு 'வெய்ன் கிரெட்ஸ்கிஸ் 3டி ஹாக்கி' வந்தது. கோல்கீப்பர் அபாரமாகத் தடுத்தால் அப்படியே செங்கல் சுவராக மாறிவிடுவார்! உவமை இல்லை, நிஜமாகவே திரையில் செங்கல் சுவர். அடித்த அடியில் வலை தீப்பிடித்து எரியும். பனிமேல் தீ!

சரி, நிஜத்தை அப்படியே அள்ளிப் போட்டால்தான் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ ஆட்டம் 60 நிமிடம். ஓர் அணி சுமார் 30 முறை கோலை நோக்கி அடிக்கும். கோல்கீப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தடுத்துவிடுவார்கள். ஆக, அணிக்கு மூன்று கோல். வீட்டில் யார் 60 நிமிடம் ஆடுவார்கள்? பகுதிக்கு ஐந்து நிமிடமாக மொத்தம் 15 நிமிடம் வைத்துக்கொள்கிறோம். அதே விகிதத்தில் ஓடினால் ஓர் அணி ஏழெட்டு முறைதான் அடிக்கும், ஒரு கோல் விழுந்தாலே அதிசயம்! எனவே எவ்வளவு நிஜமான ஹாக்கி கேமும் எங்காவது பொய் சொல்லியே தீர வேண்டும்: வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கோல்கீப்பரின் கையைக் கட்ட வேண்டும். எந்த இடத்தில் பொய் சொல்வது என்பதில்தான் தயாரிப்பவரின் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தின் உச்சம் என்று நான் சொல்வது 2006இல் வந்த 'என்.எச்.எல். 07'. அதுவரை அடிப்பதற்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த இந்த ஆட்டத்தில் வலது கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் குச்சியே ஹாக்கி மட்டை! இடமும் வலமும் அசைத்தால் பக்கை இப்படியும் அப்படியும் தட்டி எதிராளியை ஏய்க்கலாம். சும்மா முன்னால் தள்ளினால் மணிக்கட்டு அடி. பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் மட்டையை ஓங்கி விளாசும் ஸ்லாப் ஷாட். ஓங்குவதற்கு விரல் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எதிராளி வந்து பக்கைப் பறித்துவிடுவான், தளத்தில் நடப்பது போலவே! படத்தில் ஒரு மயிரிழைகூட நிஜமாக வேண்டாம், விரலுக்கு நிஜமாக இருந்தால் போதும் என்று காட்டிவிட்டார்கள். இந்த வரிசையின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டேவிட் லிட்மன், நிஜ என்.எச்.எல்.லில் கோல்கீப்பராக நின்றவர், தெரியுமா? ஆடியது மூன்றே ஆட்டங்கள்தான்.

அதன் பிறகு நிஜம் வெள்ளமாக வந்தது. 'என்.எச்.எல். 11'இல் மட்டை ஒடியும். வேறு மட்டை கிடைக்கும்வரை வெறுங்கையோடு அலைய வேண்டும். 13இல் சறுக்கும் முறையையே மாற்றினார்கள். அதுவரை முழு வேகத்தில் போகிறவன் நினைத்த இடத்தில் பொசுக்கென்று திரும்புவான். இனி உந்துவிசை அவனை இழுத்துக்கொண்டு போகும், வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியாது. பழகிய கைகள் திணறின. பழகியபின் பழையதை ஆடவே பிடிக்கவில்லை.

14 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த விளையாட்டை மாற்றினாள், தெரியுமா? நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் நிஜமாகவே ஹாக்கி ஆடும் பெண். விளையாட்டுக்குள் தன்னைப்போல ஓர் ஆட்டக்காரியை உருவாக்க முடியவில்லையே என்று தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினாள். லீக்கின் சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. சம்மதமும் வந்தது! 2011இல் வெளியான 'என்.எச்.எல். 12'இல் பெண் ஆட்டக்காரியைச் சேர்த்தார்கள். அதற்கு மாதிரி முகம்? அந்தச் சிறுமியேதான்! மறு வருடம் ஹேலி விக்கன்ஹைசர், ஏஞ்சலா ருகியரோ என்ற இரண்டு ஒலிம்பிக் வீராங்கனைகள் உள்ளே வந்தார்கள். 'என்.எச்.எல். 23'இன் அட்டையில் சாரா நர்ஸ் இடம்பெற்றார், இந்த வரிசையின் அட்டைக்கு வந்த முதல் பெண். பனித்துகள் எவ்வளவு தத்ரூபம் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய நிஜம்.

தத்ரூபம் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி 2014இல் வந்த 'என்.எச்.எல். 15'. புதிய கன்சோல்களுக்காக முகம், சட்டை மடிப்பு, பக் உருளும் விதம், மோதும் உடல்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன. ஆனால் நண்பர்கள் ஆன்லைனில் அணி கட்டி ஆடும் லீக் உட்பட பல பகுதிகள் வெளியீட்டில் இல்லை! ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. அந்த லீக் திரும்பி வந்தது அடுத்த வருட ஆட்டத்தில்தான்.

2020இல் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தனது 94ஐத் தூசி தட்டி, இன்றைய ஆட்டக்காரர்களின் பெயரைப் போட்டு, 'என்.எச்.எல். 94 ரீவைண்ட்' என்று பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் கொடுத்தது. 27 வயது ஆட்டம், அதே சதுரப் புள்ளிப் பொம்மைகள்!

பழைய ஜெனிசிஸ் 94 எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். தண்டனை விதிகளில் 'ஆஃப்சைடு தவிர மற்றவை' என்றொரு தேர்வு இருக்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்குக்கு முன்னால் நீலக்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று விசில் ஊதியே உங்கள் உயிரை வாங்குவார்கள். பகுதிக்கு ஐந்து நிமிடம் போதும். சிகாகோவை மட்டும் எதிராளிக்குக் கொடுத்துவிடாதீர்கள்!