வெளியூர்க் கல்லூரியில் உங்கள் வைஃபை

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி கருத்தரங்குக்காக ஆம்ஸ்டர்டாம் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்ததுமே பையில் கிடக்கும் போன் தானாக வைஃபையில் சேர்ந்துகொள்கிறது. அவள் யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை, படிவம் எதையும் நிரப்பவில்லை, காசும் கட்டவில்லை. அம்மா அனுப்பிய ‘சாப்பிட்டியா?’ வந்து விழுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு எடுரோம் என்று பெயர். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி இது.

நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் வேலை பார்த்த கிளாஸ் வீரெங்கா 2002இல் முன்வைத்த யோசனை இது. அதுவரை வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேராசிரியர், அங்குள்ள கம்ப்யூட்டர் சென்டரில் காத்திருந்து தற்காலிகக் கணக்கு வாங்க வேண்டும். ஐரோப்பாவில் சில நாடுகளில் சோதனை நடந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் சேர்ந்தது ஆஸ்திரேலியா, 2004 டிசம்பரில். இன்று நூறு நாடுகளுக்கு மேல் வந்தாயிற்று. இலங்கையில் லேர்ன் வலையமைப்பும் இந்தியாவில் எர்நெட் இந்தியாவும் இதை நடத்துகின்றன. எர்நெட் 1986இல் எட்டு நிறுவனங்களோடு தொடங்கிய பழைய கை. அந்த எட்டில் சென்னை ஐஐடியும் ஒன்று.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போன் முதலில் கொடுப்பது மின்னஞ்சல் முகவரி போன்ற ஒரு பெயரை. அதில் ‘@’ குறிக்குப் பின்னால் இருப்பது மட்டும்தான் ஆம்ஸ்டர்டாமுக்குத் தேவை. வெளியூர் ஆள் தெருவுக்குள் வந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர் ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?’ என்று விசாரிப்பாரே, ஏறக்குறைய அதுதான். பேராதனை என்று பதில் வந்தால், பேராதனையிடமே கேட்டுவிடுவது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் சர்வர் தன் நாட்டின் பொதுச் சர்வரிடம் கேட்கிறது. இது நம் நாட்டு ஆள் இல்லையே என்று அது மேல்மட்டச் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து கேள்வி லேர்னுக்கு இறங்கி, பேராதனைக்குப் போய்ச் சேர்கிறது. ‘ஆமாம், நம்ம பிள்ளைதான்’ என்ற பதில் வந்த வழியே திரும்புகிறது. எல்லாம் ஓரிரு நொடி வேலை.

இந்தக் கேள்வி பதிலைச் சுமந்து போகும் முறைக்கு ரேடியஸ் என்று பெயர். அது எடுரோமுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் மெரிட் நெட்வொர்க், டயல்-அப் இணைப்புகளைக் கட்டுக்குள் வைக்க வழி தேடியபோது, 1991இல் லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. மோடம் கீச்சிட்ட காலத்துச் சரக்கு இன்னும் ஓடுகிறது. கம்ப்யூட்டர் துறையில் முப்பது வயதைத் தாண்டியும் உழைப்பதை நான் மரியாதையோடுதான் பார்ப்பேன்.

‘அப்படியானால் அவளுடைய பாஸ்வேர்ட் இத்தனை பேர் கையில் புகுந்து வருகிறதா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. இல்லை. போனுக்கும் பேராதனைச் சர்வருக்கும் இடையே பூட்டிய பாதை ஒன்று முதலில் அமைகிறது. பாஸ்வேர்ட் அதற்குள்தான் போகும். நடுவில் இருப்பவர்கள் தள்ளிவிடலாம், திறந்து பார்க்க முடியாது. போனைச் சரியாக அமைத்திருந்தால் அவள் பெயர்கூட ஆம்ஸ்டர்டாமுக்குத் தெரியாது. பேராதனை ஆள் ஒருவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பாதையின் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே பேராதனைதானா? எவனோ ஒருவன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தன் வைஃபைக்கும் எடுரோம் என்று பெயர் வைக்கலாம், யாரும் தடுக்க முடியாது. அவனிடம் ஏமாறாமல் இருக்க, போன் சர்வரின் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் நம் கல்லூரிகள் கோட்டை விடுகின்றன. நோட்டீஸ் போர்டில் வைஃபையில் சேரும் முறை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஓரம் மஞ்சளித்துப்போன ஜெராக்ஸ், ஸ்கிரீன்ஷாட்டுகளின் மேல் சிவப்பு மையில் அம்புக்குறிகள். நான்காவது படியில், சர்ட்டிஃபிகேட் என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும் என்று அச்சிட்டிருக்கும். மாணவர்கள் வரிசையில் நின்று தொந்தரவு செய்யாமல் இருக்க எவரோ கண்ட குறுக்குவழி அது. பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிற காரியம். கூகுள் 2020 இறுதியில் தன் பிக்சல் போன்களில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. உடனே உலகமெங்கும் கல்லூரி உதவி மையங்களில் புகார்கள் குவிந்ததில் வியப்பில்லை. போனை ஒழுங்காக அமைத்துக் கொடுக்கும் செயலியை எடுரோமே இலவசமாகத் தருகிறது. தாளைக் கிழித்துவிட்டு அதன் பெயரைப் போட்டால் போதும்.

சர்ட்டிஃபிகேட்டுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அந்தத் தேதி பல இடங்களில் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், ஒரு திங்கட்கிழமை காலை மொத்த வளாகமும் வைஃபை இல்லாமல் விழிக்கும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய வேலை கம்பியிலும் சர்வரிலும் இல்லை, கல்லூரி ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. ‘நம்ம பிள்ளைதான்’ என்று உலகத்துக்கு உத்தரவாதம் கொடுக்கிற கல்லூரிக்கு, இன்று தன் பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே! இறுதியாண்டு மாணவன் டிசி வாங்கிப் போய்விடுவான். ஆபீசில் கையெழுத்தாகிவிடும், கம்ப்யூட்டர் சென்டருக்குச் செய்தி வராது. அவன் கணக்கு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். எதிர்ப்பக்கம், டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் பெயர் ஒரு எக்செல் கோப்பில் தூங்கும். வகுப்பு தொடங்கிப் பல வாரமாகியும் அவர்களுக்கு லாகின் வராது. ஆண்டுதோறும் பணிநீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் கதையைச் சொல்லவே வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டையும் லாகின் பட்டியலையும் இணைக்காத கல்லூரி எத்தனை விலையில் வைஃபை பெட்டி வாங்கி மாட்டினாலும் பலன் பாதிதான்.

யாராவது தகாத காரியம் செய்தால்? இணையம் போவது விருந்தளிக்கும் வளாகத்தின் இணைப்பு வழியாக. எந்தக் கருவி, எத்தனை மணிக்கு என்ற பதிவு அங்கே இருக்கும். அந்தக் கருவி யாருடையது என்ற பதில் சொந்தக் கல்லூரியில் இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் ஆள் தெரியும். ஆகவே இரு பக்கமும் பதிவுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

நீங்களோ உங்கள் பிள்ளையோ வெளியூர் போவதாக இருந்தால், போனை இங்கேயே அமைத்து, சொந்த வளாகத்தில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அப்போது பயனர் பெயரை ‘@’ குறியோடு முழுதாக எழுதுங்கள். சில கல்லூரிகளில் வெறும் பதிவெண்ணைக் கொடுத்தாலும் உள்ளே விட்டுவிடும், உள்ளூர் ஆளாயிற்றே. அதே பழக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் போய் பதிவெண்ணை மட்டும் கொடுத்தால், கேள்வியை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று அங்குள்ள சர்வருக்குத் தெரியாது.