சடங்கும் சமூகமும் – 9: நீத்தார் காரியத்துக்கு அளவு வகுத்தவர்கள்

தாயோ தந்தையோ மறைந்தபின் தமிழகக் குடும்பம் ஒன்று ஏற்கும் செலவு மூன்று கட்டங்களாக வருகிறது. இறந்த நாளன்று ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, மேளம், பூந்தேர், வெடி, மயானத் தொழிலாளர் கூலி என முதற்கட்டச் செலவு சில மணி நேரத்துக்குள் வந்து சேர்கிறது. அடுத்து, மயானத்தில் பால் தெளித்து எலும்பு பொறுக்கும் காடாற்று தொடங்கி, பல சமூகங்களில் 16ஆம் நாள் நடக்கும் கருமாதி வரையிலான செலவு. அதன்பின் மாதந்தோறும் செய்யும் மாசிகமும், ஆண்டு நிறைவில் வரும் தலைத்திவசமும். நாட்கணக்கும் முறையும் சமூகத்துக்குச் சமூகம் மாறினாலும், தினக்கூலியை நம்பிய வீட்டில் துக்க நாட்களின் வேலையிழப்பும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சுமையைத் தனி வீட்டின் தலையில் விடாமல் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் பழைய வழக்கத்திலேயே இருந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் உறவினரும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவந்தனர். பங்காளிகள், அதாவது ஒரே தந்தைவழியைச் சேர்ந்தவர்கள், செலவில் பங்கேற்றனர். பிறந்த வீட்டாரும் சம்பந்திகளும் கோடி எனப்படும் புதுத்துணியும் அரிசியும் கொண்டுவந்தனர். இன்று அந்த உழைப்பின் பெரும்பகுதி வாடகைக்கும் கூலிக்கும் மாறிவிட்டது. மொய்ப்பணமோ பெரும்பாலும் கருமாதியன்றுதான் கைக்கு வருகிறது. செலவு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை நகை அடகும் வட்டிக்கடனும் நிரப்புகின்றன. வந்த மொய்யும் பின்னொரு நாள் திருப்பிச் செய்ய வேண்டியது என்பதால், அதனை முழு வரவாகக் கருத இயலாது.

இவ்வளவு செலவையும் சாத்திரம் கேட்கிறது என்ற நம்பிக்கைக்கு மூலநூல்களில் ஆதாரம் இல்லை. மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயம், சிராத்தத்தில், அதாவது முன்னோரை நினைத்துச் செய்யும் சடங்கில், தேவர்பொருட்டு இருவருக்கும் முன்னோர்பொருட்டு மூவருக்கும் உணவிட்டால் போதும் என்கிறது. செல்வந்தரும் இதற்கு மேல் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று தடுத்து, கூட்டம் பெருகினால் உபசரிப்பும் தூய்மையும் கெடும் என்று காரணமும் காட்டுகிறது. விஷ்ணு புராணத்தின் 3ஆம் பகுதி, வசதியற்றவர் எள்ளும் நீரும் இறைத்தால் போதும் என்றும், அதற்கும் வழியில்லாதவர் காட்டுக்குச் சென்று கைகளை உயர்த்தித் தம்மிடம் பொருள் இல்லை, பக்தி மட்டுமே உண்டு என்று சூரியனை நோக்கிச் சொன்னால் முன்னோர் நிறைவடைவர் என்றும் கூறுகிறது.

இந்த மரபுக்கு வெளியே நின்று இதே திசையில் இன்னும் தொலைவு சென்றவர் வள்ளலார். 1871ஆம் ஆண்டு வெளியிட்ட சமாதி வற்புறுத்தல் என்னும் அறிவிப்பில், இறந்தவரை எரிக்காமல் அடக்கம் செய்யவும், கருமாதி, திதி போன்ற சடங்குகளை விட்டுவிடவும், ஒரு நாளில் உறவினரையும் ஏழைகளையும் அழைத்து இயன்ற அளவில் உணவிடவும் அவர் அறிவுறுத்தினார்.

சட்டத்தின் பார்வையும் அளவையே வலியுறுத்துகிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 320ஆம் பிரிவில், இறந்தவரின் சொத்திலிருந்து ஈமச்செலவை மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்பாகத் தீர்க்க அனுமதிக்கிறது. ஆயினும் அச்செலவு அவருடைய நிலைக்கேற்ற நியாயமான தொகையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இறந்தவர் விட்டுச்சென்ற பணம் இருக்கும்போது பிள்ளைகள் வெளியே கடன் வாங்கித்தான் காரியம் நடத்த வேண்டும் என்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குப் பின் தந்தை பட்ட கடனுக்காக, சமயக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன்மீதோ பேரன்மீதோ நடவடிக்கை எடுப்பதை நிறுத்தியது. கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தமிழக அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கருமாதிக்காக இத்தகைய வட்டியில் சிக்கியவருக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

சாத்திரமும் அதை மறுத்த சீர்திருத்தமும் சட்டமும் ஒருங்கே இயன்ற அளவு என்று சொல்லும்போது, அதற்கு மேற்பட்ட செலவைக் கேட்பது ஊராரின் பேச்சு மட்டுமே. அந்தப் பேச்சுக்கு அஞ்சி வயலையோ தாலியையோ அடகு வைப்பதால் மறைந்தவருக்கு எந்தச் சிறப்பும் சேர்வதில்லை. உயிரோடிருக்கும் தாயின் மருந்துச் செலவும் குழந்தைகளின் படிப்பும்தான் தடைபடுகின்றன.

ஆகவே கருமாதிக்கு நாள் குறிக்கும்போதே பங்காளிகளும் பிள்ளைகளும் அமர்ந்து, கையிருப்பு எவ்வளவு, எவர் பங்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, அத்தொகைக்குள் முறைகளை அமைத்துக்கொள்வது நல்லது. மகளையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறவினர் மொய்யை 16ஆம் நாள்வரை வைத்திராமல் முதல் நாளே கொடுப்பது பேருதவியாகும். முதியோர் தமக்கு எது போதும் என்பதை வாழும் காலத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஒரு சொல், ஊரார் கேள்விகளுக்குப் பிள்ளைகள் தரக்கூடிய வலுவான பதிலாக அமையும்.

(தொடரும்)