பந்தயப் பட்டையும் சாலைக் காரும்

அன்றாடம் ஓட்டும் காரையே விடுமுறை நாளில் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் வேகமாக ஓட்டிப் பார்ப்பதை 'டிராக் டே' என்கிறார்கள். இதில் ஆர்வம் கொண்டவர்கள் பலர் முதலில் மாற்ற நினைப்பது சீட் பெல்ட்டையும் இருக்கையையும்தான். பந்தய வீரர்கள் அணியும் 'ஹார்னெஸ்' என்ற பல முனைப் பட்டை உடலை அசையவிடாது. ஆகவே எந்தக் காரிலும் அது பாதுகாப்பைக் கூட்டும் என்று நம்புகிறார்கள். ஆனால் அரைகுறையாகப் பொருத்தினால் அதுவே ஆபத்தாகிவிடும்.

சாலைக் கார்களில் உள்ள மூன்று முனை பெல்ட்டை வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கினார். இன்றைய கார்களில் அது தனித்து இயங்குவதில்லை. மோதியதும் பட்டையைச் சுண்டி இறுக்கும் கருவி, பிறகு மார்பு நொறுங்காதபடி சற்றே தளர்த்தும் அமைப்பு, ஏர்பேக் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுப் பொருத்தப்பட்டவை. பெல்ட்டை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு குலைகிறது.

கார் உருண்டு கூரை அமுங்கும்போது இரு வகைப் பட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு உயிரைத் தொடும். மூன்று முனை பெல்ட்டில் மேலுடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னெஸ் இரு தோள்களையும் நிமிர்த்திப் பிடித்துவிடுவதால், அமுங்கும் கூரையின் சுமை தலையிலும் கழுத்திலும் நேரே இறங்கும். அதனால்தான் ஹார்னெஸ் போடும் காருக்கு 'ரோல் பார்' என்ற வலுவான இரும்புக் குழாய்ச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். அதே குழாய், ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும் நாளில் தலையில் இடித்துக் காயப்படுத்தக்கூடும்.

நான்கு முனை ஹார்னெஸில் இன்னொரு குறை உண்டு. மோதலில் தோள் பட்டைகள் மேல்நோக்கி இழுக்க, இடுப்புப் பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றின்மேல் ஏறிவிடும், உடல் அதன் அடியில் நழுவும், உள்ளுறுப்புகள் நசுங்கும். தொடைகளுக்கு நடுவே வரும் ஐந்தாவது, ஆறாவது பட்டைகள் இதைத் தடுக்கவே இருக்கின்றன. ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் தன் நான்கு முனைப் பட்டைகள் சிலவற்றில் வேறு வழி கண்டது. ஒரு தோள் பட்டையில் மட்டும் விசை பட்டால் பிரியும் மடிப்பைத் தைத்து, உடல் சற்றே திரும்பி நழுவாமல் இருக்கச் செய்தது.

தோள்கள் நின்றுவிட்டாலும் தலை நிற்பதில்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து சுமார் 6 கிலோ. புவியீர்ப்பைப் போல 50 மடங்கு வேகக் குறைப்பில் அது 300 கிலோவாகக் கழுத்தை இழுக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவது இதனால்தான். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இத்தகைய முறிவால் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் தலை-கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. இத்தகைய காப்புகளில் புகழ்பெற்ற 'ஹான்ஸ்' கருவியை அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கினர்.

இருக்கையும் ஹார்னெஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். காரோடு வரும் இருக்கையில் பட்டைகள் நுழையத் துளை இருக்காது. பட்டை தோளிலிருந்து நழுவக்கூடும். பந்தய இருக்கைக்கு மாறினாலோ, பழைய இருக்கைக்குள் இருந்த பக்கவாட்டு ஏர்பேக் போய்விடும். தோள் பட்டைகளைப் பின்தளத்தில் தாழ்வாகக் கட்டினால் அவை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் அவை இறங்கக் கூடாது என்பதும், 10 பாகைக்குள் இருப்பதே நல்லது என்பதும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. வெயிலில் நூலிழை நலியும் என்பதால் பட்டைக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

ஹார்னெஸ், இருக்கை, ரோல் பார், ஹெல்மெட், கழுத்துக் காப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஓட்டுநரைக் காக்கின்றன. ஐந்தையும் முறையாகப் பொருத்த இயலாதவர், காரோடு வந்த மூன்று முனை பெல்ட்டையும் இருக்கையையும் மாற்றாமல் ஓட்டுவதே நல்லது.